ஆர்னிதாப்டர்: சிறகடிப்பொறி

ஆர்னிதாப்டர் என்பது பறவையையோ பூச்சியையோ போலச் சிறகை அடித்துப் பறக்கும் எந்திரம். சாதாரண விமானத்தில் இறக்கை அசைவதில்லை. மேலே தூக்குவது இறக்கை, முன்னே தள்ளுவது எஞ்சின் என்று வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆர்னிதாப்டரில் இரண்டையும் இறக்கையே செய்தாக வேண்டும். தமிழில் சொல் தேடும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கிரேக்கத்தில் ஆர்னிஸ் என்றால் பறவை, ப்டெரோன் என்றால் சிறகு. இரண்டும் சேர்ந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஹெலிகாப்டர் என்ற சொல்லின் வாலில் இருப்பதும் அதே ப்டெரோன்தான். ஹெலிக்ஸ் என்றால் சுருள். அதை ஹெலிகோ, ப்டர் என்று பிரிப்பதுதான் சரி. ஆனால் காதுக்கு ஹெலி, காப்டர் என்றுதான் கேட்கிறது, அப்புறம் அந்தக் காப்டரை மட்டும் வெட்டியெடுத்து, நான்கு சுழலிகளால் பறக்கும் கருவிக்குக் குவாட்காப்டர் என்று ஒட்டியும்விட்டார்கள். ஈ, கொசு இனத்துக்கு அறிவியலார் வைத்த டிப்டெரா என்ற பெயரிலும் இதே வேர் உண்டு. இரு சிறகுள்ளவை என்று பொருள்.

பூச்சிபோலப் பறப்பதற்குத் தனியாக என்டமாப்டர் என்றொரு சொல்லும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் மைக்கேல்சன் தம் கருவிக்கு வைத்த பெயர் அது. என்டமோன் என்றால் பூச்சி.

இப்படிப் பிரித்ததில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான பறவைகள் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் பெரும்பகுதி விசையைப் பெறுகின்றன. மேலே தூக்கும்போது சிறகை மடக்கிக் காற்றின் தடையைக் குறைத்துக்கொள்கின்றன. பல பூச்சிகளோ அந்தரத்தில் நிற்கும்போது இறக்கையைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக முன்னும் பின்னும் வீசுகின்றன. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இறக்கையைப் புரட்டிக்கொள்வதால் போகும்போதும் வரும்போதும் தூக்குவிசை கிடைக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் உருவாகும் சிறு காற்றுச்சுழல் அந்த விசையைக் கூட்டுகிறது. தேன்சிட்டளவு சிறிய ஹம்மிங் பறவை இந்த விஷயத்தில் பாதிப் பூச்சி.

2011இல் வெளிவந்த இரண்டு கருவிகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் செய்த ஸ்மார்ட்பேர்டு, கடற்காகத்தைப் பார்த்துச் செய்தது. சுமார் 2 மீட்டர் சிறகு விரிவு, எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அமெரிக்காவின் ஏரோவைரன்மென்ட் செய்த நானோ ஹம்மிங்பேர்டுக்கு விரிவு 16 செ.மீ., எடை 19 கிராம். நின்ற இடத்திலேயே மிதக்கும். இன்னும் சிறியது ஹார்வர்டின் ரோபோபீ. 80 மில்லிகிராம், நொடிக்குச் சுமார் 120 சிறகடிப்பு. அவ்வளவு சிறிய அளவில் வழக்கமான மோட்டார் திறனை இழந்துவிடும் என்பதால், மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் பட்டைகள்தான் அதற்குத் தசை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தால் பறவைச்சிறகி. பூச்சிக்கு அது பொருந்தாது. 'பறவை விமானம்' இன்னும் மோசம், அசையாத இறக்கையை வைத்துக்கொண்டே பறவை வடிவில் ஒன்றைச் செய்தாலும் அந்தப் பெயர் பொருந்திவிடும். வடிவத்தை விட்டுவிட்டுச் செயலைச் சொல்வதே மேல். சிறகடித்தல் என்ற வினை குருவிக்கும் பொருந்தும், வண்டுக்கும் பொருந்தும். இறகு வேண்டாம்; பூச்சிக்கு இறகு கிடையாது.

பின்னொட்டாக வானூர்தியைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதல். 80 மில்லிகிராமில் யார் ஏறுவது? சீவக சிந்தாமணியில் விசயை ஏறித் தப்பும் பறக்கும் எந்திரத்துக்கு மயிற்பொறி என்று பெயர். அந்த வழியில் சிறகடிப்பொறி என்றால் சிறியது, பெரியது இரண்டுக்கும் ஆகும். ஆள் ஏறிப் பறந்ததும் உண்டு என்பதால் சிறகடி வானூர்தியை அடியோடு தள்ளவும் வேண்டாம். 2010இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவின் ஸ்னோபேர்டு, விமானியின் கால்வலுவால் மட்டுமே சிறகடித்து 19.3 நொடிகள் பறந்தது. அந்த வகைக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.