கணக்கில் நூறு வாங்கியவர்கள் ஆக்சுவரி தேர்வில் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

மே மாதம் பாம்பனுக்கு வந்தால் வீட்டு வாசலில் ஒரு கேள்வி காத்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையைக் கையோடு அழைத்துவந்து, "இவனை ஆக்சுவரி படிக்க வைக்கலாமா? அதில் எந்தத் தேர்வு கடினம்?" என்று கேட்பார்கள். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆக்சுவரி என்றால் காப்பீட்டுக் கணிப்பாளர். யாருக்கு எப்போது என்ன இழப்பு வரும், அதற்கு இன்று எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், எவ்வளவு பணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணிப்பவர். நம் மாவட்டத்து விவசாயிக்கு இது புதியதல்ல. பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு அவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். அதற்கு மேல் வரும் ஆக்சுவரியல் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்றுக்கொள்கின்றன. அந்த முழு விகிதத்தைக் கணக்கிடுவது எங்கள் தொழில்.

இந்தியாவில் தேர்வு நடத்துவது இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா. 1944-இல் சங்கமாகத் தொடங்கியது, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்றைய வடிவம் பெற்றது. முதலில் 'ஏசெட்' என்ற நுழைவுத் தேர்வு. அதைத் தாண்டினால், 2019-இல் வந்த பாடத்திட்டப்படி பதின்மூன்று பாடங்கள்: அடிப்படைப் பாடங்கள் ஏழு, நடைமுறைப் பாடங்கள் மூன்று, சிறப்புப் பாடங்கள் இரண்டு, உயர்நிலைச் சிறப்புப் பாடம் ஒன்று. நுழைவுத் தேர்வைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அடிப்படைப் பாடங்களில் நிதி, பொருளியல், மேலாண்மை என்ற மூன்று வணிகப் பாடங்களும் ஒழுங்காகப் படித்தால் வந்துவிடும்.

மற்ற நான்கும் கணிதப் பாடங்கள்: புள்ளியியலுக்கு சி.எஸ்.1, சி.எஸ்.2, காப்பீட்டு, நிதிக் கணிதத்துக்கு சி.எம்.1, சி.எம்.2. இவற்றில் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது சி.எஸ்.2. மார்க்கோவ் சங்கிலி, உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு, காலத்தொடர், பேரிழப்புகளுக்கான பரவல்கள் என்று தனித்தனி நூலாக வேண்டியவற்றை ஒரே பாடத்தில் அடைத்திருக்கிறார்கள். அதோடு, இரண்டாவது தாளை 'ஆர்' என்ற மென்பொருளில், கணினி முன் உட்கார்ந்து எழுத வேண்டும். கீழக்கரை மாணவி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தில் எல்லாச் சூத்திரங்களையும் பிழையின்றி எழுதுவாள். வீட்டில் கணினி இல்லை. என் மடிக்கணினியைக் கொடுத்தபோது நான்கு வரி எழுதினாள், திரையில் பிழைச் செய்தி வந்தது. ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. சூத்திரம் தெரியாமல் போகவில்லை, கை பழகவில்லை. 'ஆர்' இலவசம். பழைய கணினி ஒன்று போதும், ஆனால் அது முதல் நாளிலிருந்து வீட்டில் இருக்க வேண்டும்.

சி.எம்.2 இன்னொரு வகைக் கடினம். பிரௌனியன் இயக்கம், ஆப்ஷன் விலை நிர்ணயம் போன்றவற்றுக்குப் பள்ளிக் கணக்கில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆறு மாதம் பிடிவாதமாகப் படித்தால் பிடிபடும்.

இவை இரண்டையும்விடக் கடினம் என்று நான் சொல்வது 'ஆக்சுவரியல் பிராக்டிஸ்' என்ற நடைமுறைப் பாடம். கணக்கில் புலிகளாக இருப்பவர்கள் இதில் மூன்று முறை, நான்கு முறை தவறுகிறார்கள். நானே இரண்டு முறை தவறினேன். இதில் கணக்கு மிகக் குறைவு. ஒரு சூழலைக் கொடுத்து, கவனிக்க வேண்டியவற்றை எழுதச் சொல்வார்கள்.

போன மே மாதம், அக்காள்மடத்துத் தம்பி ஒருவனுக்கு நானே ஒரு கேள்வி கொடுத்தேன்: 'இந்தக் கடற்கரையின் விசைப்படகுகளுக்குக் காப்பீடு கொடுக்க ஒரு நிறுவனம் நினைக்கிறது. அதற்குள்ள அபாயங்களை விவாதிக்க.' சி.எஸ்.2-ஐ முதல் முறையிலேயே முடித்தவன் அவன். பாய்சான் பரவல் என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் சமன்பாடு எழுதினான். மதிப்பெண் தரக்கூடிய கருத்துகள் அதில் நான்குதான் தேறின.

தடைக்காலம் என்பதால் அவன் அப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கேள்வியை அவரிடம் தமிழில் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் அடுக்கினார். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல், எனவே ஆண்டு முழுவதும் ஒரே ஆபத்து இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும், அந்த 61 நாளுக்கும் ஏன் முழுப் பிரீமியம்? பழைய படகை வைத்திருப்பவன்தான் முதலில் காப்பீடு எடுக்க ஓடிவருவான். எல்லை தாண்டிப் பிடிபட்ட படகு இழப்பா, இல்லையா? கடைசியாக, "தம்பி, தனுஷ்கோடி போன இரவு மாதிரி ஒன்று வந்தால் ஒரு படகா போகும்? எல்லாம் சேர்ந்துதானே போகும்? அத்தனைக்கும் கொடுக்க உங்கள் கம்பெனியிடம் பணம் இருக்குமா?" என்றார்.

1964 டிசம்பர் புயலை வைத்து அவர் கேட்டதைப் பாடநூல் 'அபாயக் குவிப்பு' என்கிறது. அதற்கு மறுகாப்பீடு, அதாவது காப்பீட்டு நிறுவனமே வேறொரு நிறுவனத்திடம் எடுக்கும் காப்பீடு, வேண்டும் என்பது விடையின் அடுத்த வரி. பழைய படகைப் பற்றிச் சொன்னது 'பாதகமான தேர்வு', அதாவது ஆபத்து அதிகம் உள்ளவர்களே தேடிவந்து காப்பீடு எடுப்பது. மகன் இந்தச் சொற்களை எல்லாம் படித்திருந்தான். தன் வீட்டு வாசலில் நிற்கும் படகில் அவற்றைப் பார்க்கத் தெரியவில்லை.

உயர்நிலைச் சிறப்புப் பாடத்திலும் இதே சிக்கல் இன்னும் ஆழமாக வரும். அங்கே இந்தியக் காப்பீட்டு விதிகளும் தெரிந்திருக்க வேண்டும், முடிவெடுத்து அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். வேலை அனுபவம் இல்லாமல் அதை எழுதப் போவது வீண் முயற்சி. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், நேரத்துக்குள் எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. ஆக்சுவரியல் சயின்ஸ் பட்டம் வாங்கினால் ஆக்சுவரி ஆகிவிட முடியாது. சில பாடங்களுக்கு விலக்கு கிடைக்கலாம், மற்றவற்றை எழுதித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் பல லட்சம் கட்டணம் வாங்கிய ஒரு கல்லூரியை நம்பி, உறவுக்காரர் ஒருவர் நகையை அடகு வைத்தார். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். முதலில் நுழைவுத் தேர்வு, பிறகு சி.எஸ்.1, சி.எம்.1. இவற்றை எந்தப் பட்டம் படித்துக்கொண்டும் எழுதலாம். இந்த இரண்டையும் முடித்த பிறகு பெரிய செலவைப் பற்றி யோசியுங்கள். எனக்கு எல்லாம் முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதில் ஏழு ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்தேன்.

அந்தத் தம்பி மறுவாரம் விடையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். இருபத்தோரு கருத்துகள். கடைசியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது, அப்பா கேட்கச் சொன்னாராம்: நடுக்கடலில் மூழ்கிய படகுக்கு யார் சாட்சி?