ஸ்கேன் நார்மல்னு வந்திருக்கே டாக்டர்!

எம்.ஆர்.ஐ. பிலிம் இருந்த பெரிய கவரை மேசைமேல் வைத்தார் அப்பா. "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் டாக்டர் இவன் இப்படி இருக்கான்?" மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவது காதில் விழுகிறதாம். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறான். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்டு, ஆதாரமில்லாத சந்தேகம் பிடிக்கும் நிலை, தொடங்கும் நேரத்தில் ஸ்கேன் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கட்டி, மூளை அழற்சி போன்றவை இல்லை என்று பார்க்கத்தான் அதை எடுக்கச் சொல்கிறோம். மூளையில் மாற்றமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 1976இல் லண்டனில் எடுத்த சி.டி. ஸ்கேன்களிலேயே, நாள்பட்ட மனச்சிதைவு (சைக்கோசிஸ் வகை நோய்களில் ஒன்றான ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களின் மூளைக்குள் நீர் அறைகள் பெரிதாக இருந்தது தெரிந்தது. நோய் தொடங்கியவர்களிடமும் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சற்றுச் சிறுத்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிக் கணக்கு. ஒரு பையனின் பிலிமை வெளிச்சத்தில் பிடித்து நோயைச் சொல்ல முடியாது.

"இவ சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான்" என்றார் அப்பா. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வரும் இடம் இது. 2022இல் வெளியான பெரிய ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் மரபுத்தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அவை அம்மா வழியாக மட்டும் வருவதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.

ஏன் இந்த வயதில்? வளரும் பருவத்தில் மூளை வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழித்துவிடும், முருங்கையைக் கழிப்பதுபோல. சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு இந்தக் கழிப்பு அளவு மீறலாம் என்று 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். முழு விடை அதுவல்ல; ஆனால் செய்வினையைவிட நல்ல விடை.

"தங்கச்சிக்கும் வருமா?" அம்மா மெதுவாகக் கேட்டார். உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை என்றேன்.

சரி, தூக்கம் எப்போது கெட்டது?

"ஆடியிலேர்ந்து."

அன்று தை பத்து. நடுவில் இரண்டு கோயில், ஒரு தர்கா, இந்த ஸ்கேன். மாத்திரை மட்டும் இன்னும் ஒன்றுகூட இல்லை.