மாலையைப் பார்த்து மரத்தைச் சொல்ல முடியாது

வாரத்துக்கு இரண்டு மூன்று படமாவது வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. உள்ளங்கையில் ஒரு கருமணி மாலை, கீழே "சார், இது ஒரிஜினல் கருங்காலியா?" தாவர வகைப்பாட்டு வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: படத்தை வைத்துச் சொல்லத் தெரியாது. கேட்டவருக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

முதலில் பெயரிலேயே சிக்கல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் டயோஸ்பைரோஸ் எபெனம்தான் தாவரவியலார் சொல்லும் கருங்காலி. சித்த மருந்தில் கருங்காலிப் பட்டை என்றால் பெரும்பாலும் காசுக்கட்டி எடுக்கும் மரம்; அது வேலமரத்துக்கு உறவு, அதன் வைரம், அதாவது முற்றிய நடுமரம், செந்நிறம். பீடி இலை தரும் தும்பிக்கும் வைரம் கறுப்புதான், அதையும் கருங்காலி என்பவர்கள் உண்டு. தண்ணீரில் போட்டால் மூழ்கும் என்கிறார்களே? செம்மர வைரமும் ஆச்சா வைரமும்கூடத்தான் மூழ்கும்.

சரி, மரமே கண்முன் நின்றால்? அப்போதும் லேசில்லை. டயோஸ்பைரோஸ் பேரினத்தில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள். பனிச்சை, வக்கணை, இரும்பிலி, தும்பி, பழக்கடையில் விற்கும் பெர்சிமன் எல்லாம் இதில்தான். பெரும்பாலானவற்றின் இலையில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. கிள்ளினால் பால் வராது, கசக்கினால் தனி வாசனை இல்லை, காம்படியில் செதில் இல்லை. போதாததற்கு ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

இதில் நானே வழுக்கியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கோயில்காட்டில் ஆண் பூ மட்டும் இருந்த கிளையை எடுத்துவந்து, வேறொரு இனத்தின் பெயரை எழுதி, உலர்த்திய மாதிரிகளை வைக்கும் தாளில் ஒட்டிவிட்டேன். அடுத்த வருடம் அதே காட்டில், பத்தடி தள்ளி நின்ற மரத்தடியில் காய் கிடந்தது. கத்தரிக்காய்க்கு இருப்பது போல இந்தப் பேரினத்துக் காய்க்கும் ஒரு தொப்பி உண்டு. பூவின் புல்லிவட்டம் உதிராமல் காயோடு சேர்ந்து வளர்ந்தது அது. நான் பொறுக்கிய காயில் அது கட்டைபோல் கெட்டியாக, கிண்ணமாக இருந்தது. மடல்கள் பின்னால் மடங்கியிருந்தன. வீட்டுக்கு வந்து இரண்டு மரத்து இலையையும் லென்ஸில் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே மாதிரி நுண்ணிய வலைநரம்பு. பழைய தாளில் இருந்ததும் கருங்காலிதான்! பெயரை அடித்துத் திருத்தினேன்.

அறுத்த கட்டையில் நிலைமை இன்னும் மோசம். நுண்ணோக்கியில் வைத்தால் பேரினம் வரை போகலாம். இனம் பிடிபடுவது அபூர்வம். 2013-இல் மடகாஸ்கரின் டயோஸ்பைரோஸ் மரங்களை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது, இனம் இனமாகப் பார்க்காமல் அங்குள்ள பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். துறைமுகத்தில் கிடக்கும் கட்டையைப் பார்த்து இது இன்ன இனம் என்று யார் சொல்வது?

அதனால் மாலைப் படம் வேண்டாம். மரத்தடியில் உதிர்ந்த காய் இருந்தால் தொப்பியோடு எடுங்கள், இலையின் இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள், ஊரையும் மாதத்தையும் எழுதுங்கள். பூ இருந்தால் பக்கத்து மரத்தின் பூவையும் பாருங்கள். கறுப்பு தெரிகிறதா என்று பட்டையைக் கொத்துவது இப்போது அதிகமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருங்காலியிலும் வெளிமரம் வெளுப்புதான். கறுப்பு நடுவில், அதுவும் வயதேறிய மரத்தில்.

போன மாதம் ஒருவர் இனிப்புப் பெட்டியில் இரண்டு காய் அனுப்பியிருந்தார், "கருங்காலிதானே?" என்ற துண்டுச் சீட்டோடு. ஒன்றில் தொப்பி விழுந்துவிட்டது, மற்றதில் இருந்தது. தோலில் துருநிறப் பொடி விரலில் ஒட்டியது. அறுத்தால் பிசின் கத்தியை விடவில்லை. படகுக்கும் மீன்வலைக்கும் பூசிவந்த பிசின். பனிச்சை என்று எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.