ரூட் போட்டது கோத்தகிரி வழி, கருவி இழுத்துட்டுப் போறது குன்னூர் வழி, ஏன்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார். கோயம்புத்தூர்லேருந்து ஊட்டிக்கு கோத்தகிரி வழியா போகலாம்னு கம்ப்யூட்டர் மேப்ல ரூட் போட்டு, ஃபைலா மாத்தி, காருல இருக்கற ஜிபிஎஸ் கருவில ஏத்தியிருக்கார். மேட்டுப்பாளையம் போனதும் அது குன்னூர் ரோட்டைக் காட்டுதாம். ஃபைல் கெட்டுப்போச்சான்னு கேக்கறார்.

கெடல. அது ஜிபிஎக்ஸ், 2002ல வந்த ஃபார்மட். நோட்பேட்ல திறந்தா வெறும் எழுத்துதான், மேட்டுப்பாளையம்னா 11.30, 76.94ன்னு அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஜோடி ஜோடியா இருக்கும். இதுல ரூட், டிராக்னு ரெண்டு வகை. ரூட்ல பெரும்பாலும் நாலஞ்சு இடம்தான் இருக்கும், நடுவுல எப்படிப் போறதுன்னு கருவி தன்கிட்ட இருக்கற மேப்பை வச்சு தானே கணக்கு போடும், அந்த இடங்கள்ல கோத்தகிரிப் பக்கம் ஒண்ணும் இல்லைன்னா, குன்னூர் வழி தூரம் கம்மி, அதான் அங்க திருப்புது. டிராக் அப்படி இல்ல, ரோட்டோட நெளிவு மொத்தமும் புள்ளியா இருக்கும்.

அப்ப டிராக்காவே ஏத்திடலாமேன்னு தோணும். ஏத்தலாம், ஆனா மலைப்பாதைன்னா புள்ளி ஆயிரக்கணக்குல வரும், பழைய கைக்கருவிகள் சிலது சேமிச்ச டிராக்ல 500 புள்ளிக்கு மேல வாங்காது. குறைச்சாகணும். பத்துக்கு ஒண்ணை மட்டும் கண்ண மூடிட்டு வச்சுக்கிட்டா கொண்டை ஊசி வளைவே காணாம போயிடும். இதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி.

பேப்பர் மேப்ல மேட்டுப்பாளையத்துல ஒரு குண்டூசி, கோத்தகிரில ஒரு குண்டூசி குத்தி நடுவுல நூலை இழுத்துக் கட்டுங்க. ரோட்டுல எந்த இடம் நூலை விட்டு ரொம்பத் தள்ளி இருக்குன்னு பாத்து அங்க மூணாவது ஊசி குத்தி நூலை அதுல மாட்டுங்க. இப்ப நூல் ரெண்டு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் இதையே பண்ணுங்க, எந்த இடமும் நூலை விட்டு 10 மீட்டருக்கு மேல தள்ளி இல்லைன்னு ஆனதும் நிறுத்திடுங்க. ஊசி குத்தின இடம்தான் டிராக்ல வச்சுக்கற புள்ளி, மத்ததை விட்டுடலாம். நேர் ரோட்டுல ரெண்டு ஊசியே போதும்னு ஆயிடும், வளைவுல மட்டும் ஊசி தானா நெருக்கமா வந்து நிக்கும், எது வளைவுன்னு யாரும் சொல்லித்தரவே இல்ல! 10க்குப் பதிலா 50 மீட்டர்னு வச்சா சின்ன வளைவெல்லாம் நேராயிடும், அதனால மலைக்கு அளவைக் குறைச்சு வைங்க.

டேவிட் டக்ளஸ், தாமஸ் பாய்க்கர்னு ரெண்டு பேர் 1973ல இதை எழுதினாங்க, அதுக்கு முந்தின வருஷமே உர்ஸ் ரேமர் தனியா இதே மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சிருந்தார். முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் மேல போனதே 1978லதான். கோட்டுல புள்ளியைக் குறைக்கறது எதுக்கு உதவும்னு அன்னைக்குக் கேட்டு காசை நிறுத்தியிருந்தா? நம்ம ஊர்லயும் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டா முதல்ல வர்ற கேள்வி அதுதான், எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு.

கேள்வி கேட்ட வாசகர் ரூட்டாவே வச்சுக்கணும்னா கோத்தகிரி தாண்டி ஊட்டி ரோட்டு மேல ஒரு புள்ளி சேர்த்தா போதும். மேப்பை நல்லா பெருசாக்கிட்டு வைங்க. ஒரு டிகிரி அட்சரேகைன்னா சுமார் 111 கிலோமீட்டர், அப்ப மூணாவது தசம இலக்கத்துல ஒண்ணு மாறினாலே 111 மீட்டர் நகர்ந்துடும், அஞ்சாவதுல ஒண்ணு மாறினா ஒரு மீட்டர்தான். நான் ஒரு தடவை வச்ச புள்ளி கொஞ்சம் தள்ளி தேயிலைத் தோட்டத்துப் பாதைல விழுந்துடுச்சு, அதைத் தாண்டி ஊட்டி வர்ற வரைக்கும் கருவி யு டர்ன் எடு, யு டர்ன் எடுன்னு சொல்லிட்டே வந்துச்சு.