ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைத் தட்டிவிடாதீர்கள்

போன வாரம் என் வகுப்பில் ஒரு பையனிடம் ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். உதடு மெல்ல அசைந்தது, தோள் லேசாக ஆடியது. "எட்டு" என்றான். சரியான விடைதான். ஆனால் சொன்ன பிறகு முகத்தில் சந்தோஷம் இல்லை, கையும் முன்னால் வரவில்லை. மாலையில் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் விசாரித்தேன். "கை விட்டு எண்ணிகினே இருந்தா எப்போ டீச்சர் மனசுல கணக்கு போடுவான்? அதான் விரல் மேலயே ரெண்டு வெச்சேன்" என்றார்.

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். இதே கதையை வருஷா வருஷம் கேட்கிறேன். அடிப்பது அம்மாவாக இருக்கும், டியூஷன் அக்காவாக இருக்கும், சில வீட்டில் தாத்தா. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

விரல் விட்டு எண்ணுவது கெட்ட பழக்கம் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டு என்பது வெறும் ஓசை. அந்த ஓசைக்குப் பின்னால் இத்தனை பொருள் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, தொட்டு உறுதி செய்துகொள்ள எப்போதும் கூடவே இருப்பது விரல்தான். முதலில் பிள்ளை ஐந்து விரல் நீட்டும், மூன்று விரல் நீட்டும், பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். கொஞ்ச நாளில் ஐந்தை மறுபடி எண்ணாமல் "ஐந்து" என்று பிடித்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று மேலே போகும். இது பெரிய தாண்டல். அப்புறம் மூன்றும் எட்டும் என்றால் மூன்றில் தொடங்காமல் எட்டில் தொடங்கினால் வேலை குறைவு என்று தானே கண்டுபிடிக்கும். அதற்கும் பிறகுதான் விடை விரல் இல்லாமல் வாயில் வரும். விரல் தானாக மடங்குவது அப்போதுதான். முதல் படியிலேயே அடித்து நிறுத்தினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: மறைத்து எண்ணும், இல்லை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். இரண்டாவது வகைப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலுக்குக் கொண்டுவருவதற்குள் நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

"என் பொண்ணு நூறு வரைக்கும் சொல்லுவா டீச்சர்." சரி. புளியங்கொட்டையைக் குவித்து ஏழு எடுத்துக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தரும். சில பிள்ளைகள் சரியாக எண்ணும், "மொத்தம் எத்தனை?" என்றால் திரும்ப முதலிலிருந்து எண்ணும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அதற்குத் திட்ட வேண்டாம். தட்டில் இட்லி, கயிற்றில் துணிக் கிளிப்பு, பல்லாங்குழியில் காய் என்று தினமும் எதையாவது எண்ணவிடுங்கள். வாய்ப்பாடு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

பத்தைத் தாண்டிய பிறகு ஒரு சிக்கல் வரும். இருபத்து மூன்று எழுது என்றால் 203 என்று எழுதும். காதில் இருபதும் கேட்கிறது, மூன்றும் கேட்கிறது, அதை அப்படியே எழுதுகிறது. இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப் பத்து" என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது விதியைக் கண்டுபிடித்துவிட்டது, முப்பது என்ற பெயர்தான் இன்னும் வரவில்லை. நம் ஊரில் எத்தனையோ வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, கட்டுக் கட்டாகப் போட்டுத்தான் கணக்கு. கட்டிப் போட்டு எண்ணும் வித்தை உங்கள் கையிலேயே இருக்கிறது. புகையிலைத் தட்டு இருக்கும் பக்கம் மட்டும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒரே அளவாக உடைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். இரண்டு கட்டு, மூன்று குச்சி. பக்கத்திலேயே 23 என்று எழுதிக் காட்டுங்கள். 203 சீக்கிரம் காணாமல் போகும்.

வாசிப்புக்கு வருகிறேன். இங்கேயும் விரலைத்தான் தட்டுகிறார்கள். "விரல் வெக்காம படி!" ஏன் வைக்கக் கூடாது? கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுவது விரல்தான். விரலை எடுக்கச் சொன்னால் பிள்ளை படத்தைப் பார்த்து ஒப்பிக்கத் தொடங்கும். வீட்டில் கைதட்டுவார்கள். படத்தைக் கையால் மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். ஒப்பிக்கிற பிள்ளை முதல் வரிக்கு ஓடி அங்கிருந்து பாடிக்கொண்டு வரும். எழுத்தும் அப்படித்தான். ஜூலை மாதத்திலேயே 247 எழுத்தையும் கட்டம் போட்டு எழுதவைத்த பிள்ளையிடம் "கூ"வைக் காட்டினால் க, கா, கி, கீ, கு என்று படியேறி வந்து "கூ" என்று நிற்கும். அதற்கு வரிசை தெரியும், எழுத்து தெரியாது. ட, ப, ம கொஞ்சம் தெரிந்தாலே படம், பட்டம், மட்டம் என்று சொல்லாகப் படிக்கலாம். ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்ட பிள்ளை அடுத்ததை நாம் சொல்லாமலே தேடும்.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் கொம்பில் நிற்கும். "வேலூர்" என்று எழுதியிருந்தால் கண்ணில் முதலில் படுவது இரட்டைக் கொம்பு, ஆனால் வாயில் முதலில் வரவேண்டியது வகரம். "கொடி" இன்னும் கஷ்டம். கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால். துணைக்காலை "ர" என்று எடுத்துக்கொண்டு "கெரடி" என்று படித்த பிள்ளைகள் நிறைய. அந்த இடத்தில் கத்தாதீர்கள். கொம்பையும் காலையும் உங்கள் இரண்டு விரலால் மூடி "க" மட்டும் காட்டுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துத் திறந்து "கொ" என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் பத்து வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைப் படித்தது நீங்கள்தான்.

2022-இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து இன்னொரு புகார் கேட்கிறேன்: "ஆடறாங்க, பாடறாங்க, நோட்டுல ஒண்ணுமே இல்ல." ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைக்கு எட்டும் நிலையில் வைத்துச் சொல்லித் தருகிறோம். நோட்டு நிறைந்திருந்தால் படிப்பு நிறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்காக வீட்டில் தனியாகப் பக்கம் பக்கமாக எழுதவைத்தால் விரல் வலித்துப் புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை ஓடும்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் நிறைய. "வீட்லயும் தமிழே பேசணுமா?" என்று கவலையோடு கேட்கிறார்கள். வேண்டாம் அம்மா. உங்கள் பேச்சிலேயே கதை சொல்லுங்கள், எண்ணச் சொல்லுங்கள், நிறையப் பேசுங்கள். பேச்சு வளமாக இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பிடிபடும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்களால் முடியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போர்டைக் காட்டி "இது காட்பாடி போவுதா, ஆற்காடு போவுதா, பாத்து சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருக்கிறது என்றால் பிள்ளை எவ்வளவு கவனமாகப் படிக்கும் தெரியுமா! தினமும் கால் மணி நேரம் போதும். ராத்திரி ஒன்பது மணிக்கு, டிவி ஓட, பிள்ளை கண் சொக்க, "படிடா" என்று உட்கார வைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அக்காவோடு ஒப்பிட்டுப் பேசுவதையும் விட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

3-ஐயும் 7-ஐயும் திருப்பி எழுதுவது, ல, வ மாறுவது, ன-வுக்கும் ண-வுக்கும் சுழி குறைவது இந்த வயதில் சாதாரணம். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்ததுமே ஒன்றாம் வகுப்பு, மறந்துவிடாதீர்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போதும் இது குறையாமல், சின்னச் சொல்லைக்கூடக் கூட்டிப் படிக்க முடியாமல் இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. புத்தகத்தை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்தால், கரும்பலகைக்குக் கண்ணைச் சுருக்கினால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால் மட்டும் இரண்டாம் வகுப்பு வரை காத்திருக்கக் கூடாது. வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவமனையும் இருக்கிறது. கண்ணாடி போட்டால் யார் கட்டிக்குவாங்க என்று ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு யோசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படி யோசிக்காதீர்கள். அரசுப் பள்ளிக்கு மருத்துவக் குழுவே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. தேதியை முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். அன்றைக்கு மட்டும் கல்யாணம், காதுகுத்து என்று பிள்ளைக்கு லீவு போடாதீர்கள்.