பசுமைக்குடில் மானியம்: கம்பம் நடும் முன்

பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக் குடிலுக்கும் தோட்டக்கலைத் துறை வழியாக 50 சதவீத மானியம் உண்டு. இதில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு 60க்கு 40. விண்ணப்பிக்க உழவன் செயலி போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

அந்த 50 சதவீதம் உங்கள் பில்லில் பாதி அல்ல, அரசு வைத்திருக்கும் மதிப்பீட்டில் பாதி. 2014 விதிமுறையில் நிழல்வலைக் குடிலின் மதிப்பீடு சதுர மீட்டருக்கு 710 ரூபாய், மானியம் 355. குடில் அமைக்கும் நிறுவனம் 1,000 ரூபாய் கேட்டிருந்தாலும் கிடைத்தது 355தான். 2025இல் விதிகள் திருத்தப்பட்டன. எனவே இப்போதைய தொகையையும் பரப்பு வரம்பையும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இன்னும் வட்டி கட்டுகிறார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் பட்டா. நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும்; அல்லது கூட்டுப் பட்டாவில் சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் இருப்பார்கள். இதற்கெல்லாம் தோட்டக்கலை அலுவலகத்தில் தீர்வு கிடையாது. தாலுகா அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சர்வேயர் வரவேண்டும் என்பார்கள். சர்வேயர் வருவதற்குள் அந்த ஆண்டின் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். உங்கள் பங்கைத் தனிப் பட்டாவாக்கும் உட்பிரிவை முடித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஆதார், பட்டா, பாஸ்புக் மூன்றிலும் பெயரின் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்துக்காகக் கோப்பு திரும்பி வரும்.

வேலையைத் தொடங்கலாம் என்று துறை தரும் பணி ஆணை கைக்கு வரும்வரை ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். தை நடவு தப்பிவிடுமே என்று எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இரும்புக் குழாயை முன்கூட்டியே வாங்கி இறக்கினார். ரசீதில் இருந்த தேதி பணி ஆணைக்கு முந்தையது. குடில் நிற்கிறது, மானியம் வரவில்லை. தாமதித்தது அலுவலகம், தண்டனை அவருக்கு.

நிறுவனம் தரும் வரைபடம் பெரும்பாலும் ஒற்றைப் பயிருக்கானது. தக்காளி, வெள்ளரி, கீரை என்று கலந்து வைக்கப் போகிறீர்கள் என்றால் கையெழுத்துப் போடும் முன்பே அதைச் சொல்லுங்கள். கீரைக்கும் தக்காளிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஆகாது. பாத்திக்கு ஒரு வால்வு வேண்டும். பூச்சி வலை வெள்ளை ஈயோடு தேனீயையும் சேர்த்தே தடுக்கும். ஆகவே மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பாகற்காய் என்றால் காலையில் கையால் பூவைத் தொட்டுவிட ஆள் வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். இவற்றை மட்டும் மாற்றி மாற்றி நட்டால் வேர் முடிச்சு நூற்புழு மண்ணிலேயே தங்கிவிடும். இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள்.

உச்சியில் காற்றுத் திறப்பு இல்லாத குடிலைச் சமவெளியில் ஏற்காதீர்கள். சித்திரை வெயிலில் பூ கொட்டிவிடும். அதிகாரிகள் குடிலை அளந்து படம் எடுத்த பிறகு அமைப்பை மாற்றினால் ஆய்வில் கேள்வி வரும். நிறுவனத்துக்கான கடைசித் தவணையை, அதிகாரிகள் சேர்ந்து வந்து பார்க்கும் கூட்டாய்வு முடிந்த பிறகே கொடுங்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுத மறுப்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.