கடல்ல கட்டுன பாசி ஏன் வெளுத்துப் போகுது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர் பக்கத்துல கடல்பாசி வளர்க்கிற ஒரு வாசகர் கேட்டிருந்தார், "தெப்பத்துல கட்டுன பாசி கோடைல திடீர்னு வெள்ளையாகி ஒடிஞ்சு கொட்டுதே, இது நோயா வெயிலா சார்?"ன்னு. ரெண்டும்தான். ஆனா எது முதல்ல வருதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

இதைப் புரிஞ்சுக்க சான்சிபார் போகணும், கிழக்கு ஆப்பிரிக்கால தான்சானியாவைச் சேர்ந்த தீவு. 1989 வாக்குல பிலிப்பைன்ஸ் பாசியை வச்சு அங்க இந்த விவசாயம் தொடங்குச்சு, செய்யறது பெரும்பாலும் பொம்பளைங்கதான். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி கடல் நல்லா வத்துறப்போ முழங்கால் தண்ணில நடந்து போய், மணல்ல குச்சி அடிச்சு, கயிறு இழுத்து, கைப்பிடி கைப்பிடியா பாசியைக் கட்டிட்டு வந்துடுவாங்க. ஆறு வாரத்துல அறுவடை, அதுலயே கொஞ்சம் ஒடிச்சு அடுத்த நடவு. காஞ்ச பாசில இருந்து எடுக்கற கேரஜீனன்தான் ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட்டுக்கெல்லாம் கெட்டித்தன்மை குடுக்குது. ரகம் ரெண்டு: காட்டோனி, நல்ல விலை ஆனா சீக்காளி. ஸ்பைனோசம், தாக்குப்பிடிக்கும் ஆனா விலை கிடையாது.

இப்ப எனக்குப் பிடிச்ச எடத்துக்கு வரேன். சான்சிபார்ல அந்தப் பெரிய வத்தம் வர்ற நேரமே காலைல பத்து பதினொரு மணி வாக்குல. வெயில் ஏறுற நேரம் பார்த்து பாசிக்கு மேல தண்ணி இருக்காது. தேங்கி நிக்கிற அந்தக் கொஞ்சம் தண்ணியும் சூடாகுது, அதுல இருக்கற கார்பனை நெருக்கமா நட்ட பாசி எல்லாம் சேர்ந்து மளமளன்னு ஒளிச்சேர்க்கைக்கு இழுத்துடுது, தண்ணியோட pH, அதாவது காரத்தன்மை, ஏறிடுது. கார்பன் தீர்ந்தாலும் வெளிச்சம் நிக்கலையே, பச்சையம் அதைப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கு, அந்த எனர்ஜி போக வழியில்லாம ஆக்சிஜன் மேல பாய்ஞ்சு ஹைட்ரஜன் பெராக்சைடா மாறுது. ஆமா, புண்ணு கழுவுற அதே சமாச்சாரம். பாசி தன்னோட உடம்பையே தானே சுட்டுக்குது. லேப்ல பார்த்ததுல 33-35 டிகிரி சூடு இருந்தாலோ, மழைத்தண்ணி கலந்து உப்பு ரொம்பக் குறைஞ்சாலோகூட பாசி வெளுக்க ஆரம்பிக்குது.

அதுக்கப்புறம்தான் பாக்டீரியா. விப்ரியோ மாதிரி ஆளுங்க எப்பவும் பாசித்தோல் மேலயே குடியிருக்காங்க, செடி திடமா இருக்கறவரை ஒண்ணும் பண்ண முடியாது. அது தளர்ந்த உடனே பெருகி, கேரஜீனனை வெட்டுற என்சைமை எடுத்து விடுவாங்க. நாம எதை விக்கணும்னு வளர்க்கிறோமோ அதேதான் அவங்களுக்குச் சாப்பாடு! நிறமி போய் அந்தத் துண்டு மட்டும் வெள்ளையா நிக்கும், பிலிப்பைன்ஸ்ல இதுக்கு ஐஸ்-ஐஸ்னே பேரு. அந்த எடத்துல முறிஞ்சா, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற நல்ல பாசியும் அலையோட போச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போடறதுக்கு முன்னாடி ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, சல்லிசா கிடைக்குது.

சரி, ஆழத்துக்குப் போனா தண்ணி குளிர்ச்சிதானே? ஃபிளவர் எம்சுயான்னு ஒரு தான்சானியா பாசி விஞ்ஞானி, ரொம்ப வருஷமா அந்தப் பெண்களோடயே வேலை செய்யறவங்க, அதைத்தான் செஞ்சாங்க. ஆழத்துல அலையும் நீரோட்டமும் கயிறுல கட்டுன பாசியைப் பிய்ச்சுடும், அதனால குழாய் மாதிரி நீள வலைக்குள்ள பாசியை அடைச்சு மிதக்க விட்டாங்க, பாசி வலைக்கண் வழியா வெளியே வளரும், ஒடிஞ்சாலும் உள்ளேயே கிடக்கும். ஆனா படகு வேணும், நீச்சல் தெரியணும். அங்க நெறைய பெண்களுக்கு நீச்சல் தெரியாது. பேப்பர் போட்டோமா போனோமான்னு இல்லாம நீச்சல் பயிற்சி, பாசி சோப்பு செஞ்சு விக்கிறதுன்னு எம்சுயா எறங்கினாங்க பாருங்க, எனக்கு அங்கதான் மரியாதை கூடுது. ஒரு விஞ்ஞானியோட பேப்பரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு எண்ணுற சைட்டேஷன் கணக்குல இதையெல்லாம் சேர்க்க மாட்டாங்க.

இன்னொரு சிக்கல் வேர்லயே இருக்கு. வாழைக்கன்னு மாதிரிதான், விதையே கிடையாது, ஒடிச்சு ஒடிச்சு நட்டது. உலகம் பூரா பண்ணைல இருக்கற காட்டோனியோட மரபணுவைப் பார்த்தா கிட்டத்தட்ட ஒரே வம்சம், நம்ம ஊர்ல பெப்சி பாசின்னு சொல்றதும் காட்டோனிதான். ஒண்ணு சூடு தாங்கலைன்னா எதுவும் தாங்காது. 2013க்கு அப்புறம் தமிழ்நாட்டுல விளைச்சல் விழுந்ததும் நமக்குத் தெரியும். இவ்வளவு பெரிய வியாபாரத்துல ஒழுங்கா ஒரு புது ரகம் உருவாக்க யாரும் பெருசா காசு போடலை, பாதிப் பிரச்சினை அதுதான்னு நெனைக்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குன்னே சொந்தமா, கடல்ல தானா வளர்ற காட்டோனி இருக்கு, மரபணு வேற. ரகம் தேடறவங்க முதல்ல கை வைக்க வேண்டியது அதுலதான். ஆனா பண்ணைல இருந்து தப்பிச்ச வெளிநாட்டு வம்சம் இயற்கைப் பாசித் திட்டுகள்ல பரவி அதோட எடத்தைப் பிடிச்சுக்கிட்டு வருது. நம்ம மன்னார் வளைகுடாலயும், குருசடைத் தீவு பவளப்பாறைல பண்ணைக் காட்டோனி ஏறினது 2008லயே பதிவாயிருக்கு. அதனால தெப்பத்துல இருந்து ஒடிஞ்சு விழறதைக் கடல்ல விடாம கரைக்குக் கொண்டு வந்துடுங்க, வெளுத்த துண்டா இருந்தாலும் சரி.